மூக்கடைப்பு மாத்திரைக்கு எத்தனை பூட்டு?

போன கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம், ராயக்கோட்டையில் உள்ள என் மெடிக்கலுக்கு ஒரு பையன் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. செல்போனில் ஒரு மாத்திரை அட்டையின் படத்தைக் காட்டி, "அக்கா, இது எத்தனை அட்டை இருக்கு?" என்று கேட்டான். செட்டிரிசினோடு சூடோஎஃபெட்ரின் சேர்ந்த மூக்கடைப்பு மாத்திரை அது. யாருக்கு என்றேன். "கம்பெனி ஹாஸ்டலுக்குக்கா. எல்லாருக்கும் சளி. இருக்கிறதையெல்லாம் குடுத்துடுங்க."

19 வருஷமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். சளி பிடித்தவர்கள் ஒரு அட்டை கேட்பார்கள், நாலு மாத்திரை கட் பண்ணிக் கேட்பார்கள். இருக்கிறதையெல்லாம் கேட்க மாட்டார்கள். ஒரு அட்டைதான் தர முடியும் என்றேன். அதுவும் வேண்டாமென்று போய்விட்டான். மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, "அட, நம்மகிட்ட எட்டு அட்டை வாங்கிட்டுப் போனானேம்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஹாஸ்டல் என்றதும் நம்பிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இதே பேச்சுதான். டாக்டர் சீட்டு இல்லாமல் தரவே கூடாது என்கிறார் ஒருவர். ஆதார் வாங்கி நோட்டில் எழுதினால் போதும் என்கிறார் இன்னொருவர். இந்த மாத்திரையையே வைக்காமல் விட்டுவிடலாம் என்று மூன்றாமவர். எந்த வழி எங்கள் மாவட்டத்துக்கு ஒத்துவரும் என்பதை, வெளிநாடுகளில் நடந்ததையும் எங்கள் கவுண்டரில் நடப்பதையும் வைத்து இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சூடோஎஃபெட்ரின் மூக்கின் உள்ளே வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் அடைப்பு விடும், மூச்சு சுலபமாக வரும். நல்ல மருந்து. ஆனால் அதன் வேதியியல் அமைப்பு மெத்தாம்ஃபெட்டமின் என்ற கொடிய போதைப்பொருளுக்கு மிக நெருக்கமானது. அதனால்தான் கள்ளக்கூடம் நடத்துகிறவர்கள் இதைத் தேடி அலைகிறார்கள். ஐ.நா.வின் 1988 உடன்படிக்கையில், அதே குடும்பத்து எஃபெட்ரினும் சூடோஎஃபெட்ரினும் கண்காணிக்க வேண்டிய மூலப்பொருட்களின் முதல் பட்டியலில் இருக்கின்றன. நம் நாட்டிலும் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2013-ல் வந்த ஆணையின்படி, இவற்றைத் தயாரிப்பவரும் விற்பவரும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவான என்.சி.பி.யிடம் பதிவு செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். மீறினால் 10 ஆண்டுவரை கடுங்காவல்.

இரண்டு கசிவை ஒன்றாகப் பேசக் கூடாது

எங்கள் பேச்சில் அடிக்கடி ஒரு குழப்பம் வருகிறது. 'போதை மாத்திரை' என்றதும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். டேபென்டடால் மாதிரி வலி மாத்திரை, நைட்ரஸெபாம் மாதிரி தூக்க மாத்திரை இவற்றை இளவட்டங்கள் போதைக்காக நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு அட்டை வெளியே போனாலே ஒரு பையன் கெடுவான். ஆகவே அங்கே சில்லறைக் கவுண்டர்தான் மதகு. டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது சரியான காரியம். 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஷெட்யூல் எச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலுக்கான நோட்டும் அப்படித்தான். டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அதில் இன்னும் இறுக்கினாலும் எனக்குச் சம்மதம்.

சூடோஎஃபெட்ரின் கதை வேறு. அதை அப்படியே விழுங்கி யாரும் போதை ஏற்றிக்கொள்வதில்லை. மூலப்பொருளாகச் சேர்க்கிறார்கள், அதுவும் கிலோ கணக்கில். பஸ் ஸ்டாண்டுக் கடையில் போன எட்டு அட்டையைக் கணக்குப் போட்டால், அட்டைக்குப் பத்து மாத்திரை, மாத்திரைக்கு 60 மில்லிகிராம் வைத்து, 5 கிராம்கூட வராது. ஒரு கிலோ சேர்க்கச் சுமார் 1,670 அட்டை வேண்டும். ராயக்கோட்டை, கெலமங்கலம், உத்தனப்பள்ளி மூன்று ஊர்க் கடைகளையும் துடைத்து எடுத்தாலும் அவ்வளவு தேறாது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

சீட்டு இருந்தால்தான் மருந்து

கேட்பதற்கு உறுதியாக இருக்கும் வழி இதுதான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2006-ல் சூடோஎஃபெட்ரினை டாக்டர் சீட்டுக்கு மட்டும் என்று ஆக்கியது. மிசிசிப்பி 2010-ல் அதே வழியில் போனது. நியூசிலாந்து 2011-ல் நாடு முழுக்க அப்படிச் செய்தது.

பலன் இல்லாமல் போகவில்லை. ஓரிகனில் வீட்டுக்குள்ளும் கொட்டகையிலும் மெத் காய்ச்சிய சின்னக் கூடங்கள் பெருமளவு குறைந்தன. வெடித்துத் தீப்பிடித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விஷப் புகை குடித்த இடங்கள் அவை. குறைந்தது நல்லதே. ஆனால் சீட்டு கேட்காத பக்கத்து மாநிலங்களிலும் அதே காலத்தில் அவை வெகுவாகக் குறைந்தன. மெத் பழக்கமோ எங்கேயும் ஒழியவில்லை. மெக்சிகோவிலிருந்து தயாரான சரக்கு வந்து குவிந்தது. மெக்சிகோ சூடோஎஃபெட்ரினையே தடை செய்து பார்த்தது. அங்குள்ள கும்பல்கள் வேறு மூலப்பொருளுக்கு மாறிக்கொண்டன.

கடைசியில் என்ன ஆயிற்று? ஓரிகனும் மிசிசிப்பியும் 2022 ஜனவரி 1 முதல் சீட்டுக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. நியூசிலாந்தும் 2024-ல் திரும்பக் கடைகளில் விற்க அனுமதித்தது. மூன்று இடத்திலும் பத்து, பதினைந்து வருஷம் மக்கள் மூக்கடைப்புக்கு டாக்டரிடம் போய் நின்றதுதான் மிச்சம். இதை ஏதோ வேண்டாத உதாரணமாக எடுத்துச் சொல்லவில்லை. இந்த வழியை உண்மையாகவே நடத்திப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

இங்கே கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? என் கடைக்கு ராத்திரி ஏழரை மணிக்கு மேல் வருகிறவர்களில் பாதிப் பேர் ரோஜாத் தோட்டத்துப் பெண்கள். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் பாலிஹவுஸ்களில் காலை முதல் மருந்தடித்த காற்றுக்குள் நின்று பூ வெட்டுகிறவர்கள். மார்கழிப் பனியும் சேர்ந்தால் மூக்கு கட்டையாக அடைத்துக்கொள்ளும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. பார்க்கும் நேரமும் அவர்கள் பாலிஹவுஸில் நிற்கும் நேரமும் ஒன்று. ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும், இல்லையென்றால் தனியார் கிளினிக்கில் ஃபீஸ் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். பத்து மாத்திரைக்காக. சீட்டு மட்டும் என்ற விதி முதலில் தடுத்து நிறுத்துவது இவர்களைத்தான்.

அப்புறம் இன்னொன்று. சீட்டு என்பது கள்ளத்தனத்துக்குத் தாண்ட முடியாத வேலி அல்ல. ஒரே சீட்டை எடுத்துக்கொண்டு அஞ்சு கடை ஏறி இறங்குகிறவர்களை நாங்கள் தூக்க மாத்திரை விஷயத்தில் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். சீட்டின் மேல் கடை சீல் அடித்துத் தேதி போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் சீட்டையே ஜெராக்ஸ் எடுத்து வருகிறவர்களிடம் அது என்ன செய்யும்?

பெயர் எழுதி, அளவு வைத்து

இரண்டாவது வழி, சீட்டு இல்லாமல் கொடுக்கலாம், ஆனால் கவுண்டருக்குப் பின்னால் வைத்து, அடையாள அட்டை பார்த்து, நோட்டில் எழுதி, அளவோடு கொடுக்க வேண்டும். அமெரிக்கா முழுவதும் 2006-ல் வந்த சட்டம் இதுதான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3.6 கிராம், 30 நாளில் 9 கிராம். நோட்டை இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அளவைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். 3.6 கிராம் என்பது 60 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு அட்டைக்குக் குறையாது. ஒரே நாளில் ஆறு அட்டை எந்த மூக்குக்கு வேண்டும்? அங்கே நடந்ததும் அதுதான். ஆட்களைக் கூலிக்குப் பிடித்து, ஆளுக்கு ஒரு கடை என்று அனுப்பி, ஒவ்வொருவரையும் சட்டப்படியான அளவு வாங்க வைத்தார்கள். நோட்டில் எல்லாம் சரியாக இருந்தது. சரக்கு மட்டும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தது.

இங்கிலாந்து 2008-ல் வேறு மாதிரி யோசித்தது. சீட்டு இல்லாமல் வாங்கினால் ஒரு தடவைக்கு 720 மில்லிகிராம் மட்டும். அதாவது 60 மில்லிகிராம் மாத்திரை பன்னிரண்டு. பாக்கெட்டையே அந்த அளவில் சின்னதாக்கிவிட்டார்கள். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சாதாரணச் சளி மூக்கடைப்பு நாலு நாள், அஞ்சு நாள். ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை, நாளைக்கு மூன்று என்று வைத்தாலும் பன்னிரண்டு மாத்திரை நாலு நாளுக்கு வரும். அதற்கு மேல் அடைப்பு விடவில்லையென்றால் அந்த ஆள் நிஜமாகவே டாக்டரைப் பார்க்க வேண்டியவர். விதியும் வைத்தியமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

நோட்டு எழுதுவதில் எனக்குள்ள மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். தனித்தனி நோட்டு தனித்தனிக் கடைக்குள் கிடக்கும்வரை அது காவலன் அல்ல. அந்தப் பையன் விஷயத்தில் என் நோட்டில் அவன் பெயரே இல்லை, ஏனென்றால் அவன் என்னிடம் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு அண்ணன் எழுதியிருந்தாலும் அது அவர் மேஜை டிராயரில்தான் இருந்திருக்கும். இரண்டு கடைக்கும் நடுவில் அறுநூறு அடி தூரம். நான் அடுத்த நாள் டீ குடிக்கப் போகாவிட்டால் எங்கள் இருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

கடைகளை இணைத்துவிட்டால்?

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2005-ல் ப்ராஜெக்ட் ஸ்டாப் என்ற கணினிப் பதிவைத் தொடங்கினார்கள். பிறகு அது மற்ற மாநிலங்களுக்கும் போனது. கவுண்டரில் ஆள் நிற்கும்போதே அடையாள எண்ணைப் போட்டால், அவர் வேறு கடையில் சமீபத்தில் வாங்கினாரா என்று உடனே தெரிந்துவிடும். அமெரிக்காவிலும் என்பிளெக்ஸ் என்ற பெயரில் பல மாநிலங்களை இணைத்த பதிவு இருக்கிறது. அளவு தாண்டினால் விற்காதே என்று அதுவே நிறுத்திவிடும்.

நடைமுறையில் இதன் பெரிய நன்மை, கடைக்காரரின் தலையில் பாரம் ஏறாது என்பதுதான். "நான் தரமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம். "சிஸ்டம் எடுக்கலைங்க" என்று சொல்லலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு, தனியாகக் கடையில் நிற்கிற ஒரு பெண்ணுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அப்படி நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு சிக்கல். முதலாவது, எல்லை. ஜுஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். வேப்பனஹள்ளி பக்கம் போனால் கொஞ்ச தூரத்தில் ஆந்திரம், குப்பம். காலையில் ஓசூரில் பஸ் ஏறிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். தமிழ்நாட்டுக் கடைகளை மட்டும் இணைத்தால் அது முக்கால் வேலி. மிசிசிப்பியில் சீட்டு கேட்டபோது ஜனங்கள் பக்கத்து மாநிலத்துக்கு வண்டியை விட்டார்கள். இங்கே வண்டிகூட வேண்டாம், டவுன் பஸ் போதும். ஆகவே இதை ஒரு மாவட்டமோ மாநிலமோ தனியாகச் செய்தால் பயன் குறைவு. மத்திய அளவில்தான் வர வேண்டும்.

இரண்டாவது, அடையாளம். மூக்கடைப்புக்கு ஆதார் கேட்டால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். அஞ்செட்டி, உரிகம் பக்கத்து மலைக் கிராமங்களில் நெட்வொர்க்கும் கைகொடுக்காது. யார் என்ன மருந்து வாங்கினார் என்ற விவரம் கம்ப்யூட்டரில் எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியும் நியாயமானது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கும் நாட்டில், என் கடைக்கு வரும் அம்மாவின் மூக்கடைப்பு விவரத்தை யாரோ ஒரு சாஃப்ட்வேர்க்காரர் வைத்துக்கொள்வதை நான் விரும்ப மாட்டேன். செல்போன் நம்பரும் ஓ.டி.பி.யும் போதும் என்று வைத்தால் கொஞ்சம் இலகுவாகும். ஒருவரிடம் நாலு சிம் இருக்கும்தான். ஆனாலும் நாலு சிம் மாற்றுகிறவன் நாலு தடவை கவுண்டருக்கு வர வேண்டும். முகம் பழகிவிடும்.

சும்மா வேறு மாத்திரை கொடுத்துவிடலாம் என்கிறவர்களுக்கு

இந்த மாத்திரையே வேண்டாம், ஃபினைலெஃப்ரின் கலந்ததைக் கொடுக்கலாம், அதிலிருந்து மெத் எடுக்க முடியாது என்பது எங்களில் பலர் சொல்வது. சளிக்கென்று இன்று நாம் கொடுக்கிற கூட்டு மாத்திரைகளில் முக்கால்வாசி அதுதான். கம்பெனிகளும் உலகம் முழுக்க அப்படித்தான் மாறின.

சிக்கல் என்னவென்றால், வாய்வழியாகச் சாப்பிடும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பை நீக்குவதில்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஒருமனதாக அப்படிச் சொன்னது. 2024 நவம்பரில் அதைச் சீட்டில்லாமல் விற்கும் மூக்கடைப்பு மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று அந்த நிர்வாகமே முன்மொழிந்தது. நம் நாட்டிலும் குளோர்ஃபெனிரமின் என்ற அலர்ஜி மருந்தோடு அது சேர்ந்த மருந்தை நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. வேலை செய்யாத மருந்தைக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதை என்னால் ஒரு தீர்வாகச் சொல்ல முடியாது. மூக்கில் விடும் சலைன் சொட்டு, ஆவி பிடிப்பது, தேவைப்பட்டால் மூன்று நாளுக்கு மேல் போகாத ஸ்ப்ரே, இவற்றைச் சொல்லி அனுப்பலாம். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

இங்கே ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை பேரனுக்குத் தைலம் வாங்க வருவார். ஒரு நாள், "மூக்கு அடைக்குது கண்ணு, போன தடவை பக்கத்து வீட்டுக்காரி குடுத்த மாத்திரை நல்லா கேட்டுச்சு" என்று காலி அட்டையை நீட்டினார். சூடோஎஃபெட்ரின். பி.பி. மாத்திரை சாப்பிடுறீங்களா என்றேன். "வீட்டுக்கே வந்து குடுக்குறாங்களே" என்றார். மக்களைத் தேடி மருத்துவம். 2021-ல் அந்தத் திட்டம் தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான். பி.பி. உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். கொடுக்கவில்லை. சலைன் சொட்டு கொடுத்தேன். எந்த நோட்டும் எந்த ஓ.டி.பி.யும் பாட்டியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது. 1948 மருந்தியல் சட்டப்படி மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். பல கடைகளில் சர்டிஃபிகேட் சுவரில் தொங்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார். இதைச் சரிசெய்யாமல் வேறு எந்த விதி போட்டாலும் அதை நடத்த ஆள் இல்லை.

மேல் மதகு

இனிதான் நான் அதிகம் கவலைப்படுகிற இடம். 2016-ல் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் ஒரு தொழிற்சாலையில் 18 டன்னுக்கு மேல் எஃபெட்ரின் பிடிபட்டது. 60 மில்லிகிராம் மாத்திரையாக நினைத்துப் பார்த்தால் மூன்று கோடி அட்டை. அவ்வளவு சரக்கும் எந்தக் கவுண்டரையும் தொடவே இல்லை. 2024 பிப்ரவரியில் டெல்லியில் 50 கிலோ சூடோஎஃபெட்ரினை என்.சி.பி. பிடித்தபோது, சத்துமாவு, தேங்காய்த்தூள் பாக்கெட்டுகளில் மறைத்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பும் வலை என்று சொன்னார்கள். விசாரணை தமிழ்நாடு வரை வந்தது. நியூசிலாந்து அப்போது சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூட விற்காத நாடு. சில்லறைக் கதவை அங்கே இறுக்கமாகப் பூட்டியிருந்தார்கள். சரக்கு கடல் கடந்து மூட்டையில் போகப் பார்த்தது.

என் கடையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். மொத்த வியாபாரிகள் எங்களுக்குப் போடும் பில் எல்லாம் ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி என்ற பட்டியலில் மாதாமாதம் 14-ம் தேதி வந்து உட்காரும். பொதுவாக ஆடிட்டரிடம் விட்டுவிடுவேன். ஒரு மாதம் அவர் ஊரில் இல்லாததால் நானே பில் கட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். பதினோராயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு ஒரு பில் நம்பர் என் கட்டில் இல்லை. அந்த மொத்த வியாபாரியிடம் எப்போதாவது வாங்குகிறவள்தான் நான். காப்பி அனுப்பச் சொன்னேன். மூன்று நாள் இழுத்தடித்து அனுப்பினார்கள். என் கடைப் பெயர், என் லைசென்ஸ் நம்பர், அதே மூக்கடைப்பு மாத்திரை, 200 அட்டை, ஒரே பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்கு.

நான் மாதத்துக்கு 12 அட்டை விற்கிறவள்.

போன் பண்ணினால், "கம்ப்யூட்டர்ல மாத்தி ஏறிடுச்சு மேடம், கிரெடிட் நோட் போட்டுடறோம்" என்றார்கள். போட்டார்கள். காகிதத்தில் கணக்கு நேராகிவிட்டது. அந்த 200 அட்டை எந்த வண்டியில் ஏறி எந்தப் பக்கம் போனது என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. பில் காப்பி, கிரெடிட் நோட் இரண்டையும் இணைத்து மருந்து ஆய்வாளருக்கு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. யாராவது அந்த பேட்ச்சை எங்காவது பிடித்திருந்தால், முதலில் வந்து நிற்பது என் கடை வாசலில். பஸ் ஸ்டாண்டுக் கடையில் போனது எட்டு அட்டை. என் லைசென்ஸின் பெயரில், நான் பார்க்காமலேயே போனது 200.

ஆகவே கவுண்டரில் நோயாளியின் பெயரை எழுதுவதைவிட, மொத்த வியாபாரியின் பில்லையும் சில்லறைக் கடையின் வரவையும் பேட்ச் வாரியாகப் பொருத்திப் பார்ப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பில்லில் பேட்ச் நம்பர் ஏற்கெனவே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முன்னணி மருந்துகளின் லேபிளில் கியூ.ஆர். கோடு கட்டாயம். சூடோஎஃபெட்ரின் கலந்த எல்லா மாத்திரைக்கும் அதை நீட்டி, சரக்கு வந்ததும் கடைக்காரர் ஸ்கேன் செய்து 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒப்புக்கொண்டால்தான் அந்த பில் செல்லும் என்று வைக்கலாம். நான் ஸ்கேன் செய்யாத 200 அட்டை அன்றைக்கே சிவப்பில் தெரிந்திருக்கும். இதில் நோயாளியின் பெயரோ ஆதாரோ எங்கேயும் வராது. மலைக் கிராமத்துக் கடைக்காரர் நெட்வொர்க் கிடைக்கும் இடத்துக்கு வரும்போது செய்தாலும் போதும்.

இதிலும் குறை உண்டு. கடைக்காரரும் மொத்த வியாபாரியும் கூட்டுச் சேர்ந்தால் ஸ்கேன் சரியாகவே விழும். அப்போது மாதத்துக்கு 12 அட்டை விற்ற கடை திடீரென 200 வாங்குவது கணக்கில் துருத்திக்கொண்டு தெரியும். அதைப் பார்த்து ஆய்வாளர் ஒருவர் நேரில் வர வேண்டும். ஒரு ஆய்வாளர் எத்தனை நூறு கடைகளைத்தான் பார்ப்பார்? எல்லாக் கடைக்கும் சிசிடிவி கேமரா வைக்கச் சொல்லிப் பல மாவட்டங்களில் கலெக்டர்கள் உத்தரவு போட்டார்கள். நானும் வைத்திருக்கிறேன். வலி மாத்திரைக்கு அது உதவும். மூட்டையில் போகிற சரக்கு கேமராவுக்கு முன்னால் வருவதில்லை.

சரி, எதைத்தான் செய்யலாம்?

எங்கள் கடைக்காரர்கள் கூட்டத்தில் கேட்டால் நான் சொல்லப்போவது இது. சீட்டுக் கட்டாயம் வேண்டாம். அதை முழுசாக நடத்திப் பார்த்தவர்களே கைவிட்டுவிட்டார்கள், இங்கே அதன் சுமை ரோஜாத் தோட்டத்துப் பெண்கள் தலையில்தான் விழும். இங்கிலாந்து மாதிரி சின்னப் பாக்கெட், ஒரு தடவைக்கு பன்னிரண்டு மாத்திரை, மருந்தாளுநர் கையால் மட்டும். இது நாளைக்கே தொடங்கலாம், செலவே இல்லை. அதோடு கூடவே, தாமதிக்காமல், மொத்த வியாபாரத்தில் பேட்ச் பொருத்தம். கடைகளை இணைக்கும் பதிவு மூன்றாவதாக வரட்டும், அதுவும் கர்நாடகமும் ஆந்திரமும் சேர்ந்தால் மட்டும். அதுவரை ஒரு ஊர்க் கடைக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில், பெயர் போடாமல், "ஹெல்மெட் போட்ட பையன், எல்லா அட்டையும் கேட்கிறான்" என்று ஒரு வரி எழுதினாலே பாதி வேலை முடியும்.

பஸ் ஸ்டாண்டு அண்ணன் இப்போது ஆளுக்கு ஒரு அட்டைதான் தருகிறார். சீட்டு வேண்டும் என்று சொல்கிறவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய தங்கை மகன் வலி மாத்திரைப் பழக்கத்தில் சிக்கி ஒரு வருஷம் வீட்டைப் படாத பாடு படுத்தினான். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்த வலி மாத்திரைக்கு எச்1 நோட்டை இன்னும் இறுக்கச் சொன்னால் அவரோடு சேர்ந்து நானும் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த மாதமும் 14-ம் தேதி 2பி வந்துவிட்டது. கடையைச் சாத்திவிட்டு, பில் கட்டையும் பச்சைப் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் பட்டியலையும் எப்படிப் பார்ப்பது என்று போனில் கேட்டிருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வரச் சொல்லியிருக்கிறேன்.